மீனுக்கா காசு கொடுத்தோம்?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டலை. ஆபீஸ்ல ஆணி அதிகம். இன்னிக்கும் எழுதுற எண்ணம் இல்லை. ஆனா போன வாரம் நம்ம பதிவர் நண்பர் ஒருத்தர் போட்ட பதிவைப் படிச்சதுல இருந்து கை அரிச்சுக்கிட்டே இருக்கு. பின்னூட்டமாத்தான் ஆரம்பிச்சேன். நாலு வரி நாற்பது வரி ஆச்சு. சரி, அவர் வீட்டு வாசல்ல உட்கார்ந்து சத்தம் போடுறதை விட நம்ம திண்ணையிலேயே போடலாம்னு இங்க வந்துட்டேன். அவர் பேரைச் சொல்லப் போறதில்லை, சுட்டியும் கொடுக்கப் போறதில்லை. ஆள் தங்கமான மனுஷன். சண்டை அவரோட இல்லை, அவர் சொன்ன விஷயத்தோட மட்டும்தான். உள்குத்து எதுவும் இல்லை, எல்லாமே வெளிக்குத்துதான்.

அவர் பதிவோட சாரம் இது: மிச்சிகன் ஏரியில சால்மன் பிடிக்கக் கூட்டிக்கிட்டுப் போற சார்ட்டர் படகுக்காரங்க எல்லாம் பட்டப்பகல் கொள்ளைக்காரங்க.

ஏன்னு கேட்டா நாலு காரணம் சொல்றார்.

ஒண்ணு, வானம் சுத்தமா இருந்த ஒரு காலையில, கிளம்பற நேரத்துல கேப்டன் "இன்னிக்குப் போக முடியாது"ன்னு சொல்லிட்டாராம். முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்காம வேற தேதி தர்றேன்னாராம். ரெண்டு, வேற தேதியில போனப்போ ஆறு மணி நேரத்துல ரெண்டே மீன். மூணு, அந்த ரெண்டும் சால்மன் இல்லை, லேக் ட்ரவுட். நாலு, அதனால "கோட்டா நிரம்பறது கேரண்டி"ன்னு சொல்ற படகை மட்டும் பிடிங்க மக்களேன்னு ஒரு இலவச அறிவுரை. கீழ பின்னூட்டத்துல நம்மாளுங்க எல்லாம் வரிசையா வந்து "கரெக்டா சொன்னீங்க தல", "எனக்கும் இதேதான் நடந்துச்சு", "ஒரு நட்சத்திரம் போட்டு விடுங்க"ன்னு கும்மி.

இந்த நாலுமே தப்பு. நாலாவது தப்பு மட்டுமில்லை, ஆபத்து.

இந்த விளையாட்டு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. இங்க இருக்கிற ஐம்பெரும் ஏரிகள்ல சால்மன், ட்ரவுட் பிடிக்க சொந்தப் படகு இல்லாதவங்க, ஒரு படகையும் கேப்டனையும் சேர்த்து அரை நாளுக்கு வாடகைக்கு எடுக்கலாம். இதுல பெரும்பாலான படகுகள்ல காசு கொடுத்து வர்றவங்க ஆறு பேருக்கு மேல ஏறக் கூடாது. கேப்டன்கிட்ட இருக்கிற கோஸ்ட் கார்டு உரிமம் அப்படி. கூடவே கையாளா ஒரு பையன் இருப்பான். ஆகஸ்ட், செப்டம்பர்தான் உச்ச காலம். விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிடுவாங்க. பத்துப் பன்னிரண்டு பவுண்டு ஈயக்குண்டைக் கம்பியில கட்டி ஆழத்துக்கு இறக்கி, அதோட தூண்டில் கயிறை மாட்டி, படகை மெதுவா ஓட்டிக்கிட்டே போவாங்க. அதுக்கு டவுன்ரிக்கர்னு பேரு. மீன் கடிச்சா கம்பு துள்ளும், கம்பை உங்க கையில கொடுப்பாங்க. மீதி உங்களுக்கும் மீனுக்கும் உள்ள பஞ்சாயத்து.

இப்ப முதல் குற்றச்சாட்டு. வானம் சுத்தமா இருந்துச்சு, ஆனா போகலை.

இதுக்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி இருக்கு. ஏன்னா இதே கேள்வியை இதை விட மோசமாக் கேட்டவன் நான்.

2018 ஆகஸ்ட் கடைசி. நோவையில இருந்து மூணரை மணி நேரம் வண்டி ஓட்டிக்கிட்டு லடிங்டன் போனோம். நண்பர்கள் நாலு பேர், நான், என் பையன். மொத்தம் ஆறு, கணக்குச் சரி. பையனுக்கு அப்ப எட்டு வயசு. ராத்திரி ஒரு மோட்டல்ல சுருண்டு படுத்துட்டு, காலையில நாலரை மணிக்குப் படகுத்துறையில ஆஜர். பையன் தூக்கக் கலக்கத்துலயும் "அப்பா, என் கையளவு மீனா, என் உயரத்துக்கு மீனா"ன்னு கேட்டுக்கிட்டே வந்தான். தலைக்கு மேல நட்சத்திரம் கொட்டிக் கிடக்கு. துறைக்குள்ள தண்ணி தட்டுல ஊத்தி வச்ச மாதிரி அசையாம கிடக்கு.

கேப்டன் கையில காபியோட நின்னுக்கிட்டிருந்தார். அறுபதைத் தாண்டின ஆள். எங்களைப் பார்த்ததும், "மன்னிக்கணும், இன்னிக்கு இல்லை. வடமேற்குக் காத்து. வேற தேதி தர்றேன்" அப்படின்னார்.

எனக்கு ஜிவ்வுனு ஏறிடுச்சு. போனை எடுத்து நீட்டினேன். அதுல வெயில் படம் போட்டிருந்துச்சு. மழை வாய்ப்பு சைபர். "பாருங்க, மழையே இல்லை." அவர் பொறுமையா, "மழை பிரச்சினை இல்லை, காத்துதான் பிரச்சினை" அப்படின்னார். அப்பத்தான் நான் அந்தப் பொன்மொழியை உதிர்த்தேன்.

"கடல் ஒண்ணும் இல்லையே, ஏரிதானே?"

அந்த மனுஷன் கோபப்படலை. துறையோட வடக்குப் பக்கம் கையைக் காட்டி, "விடிஞ்சதும் பையனைக் கூட்டிக்கிட்டு அலைத்தடுப்புச் சுவர் பக்கம் போய்ப் பாரு. சுவர் மேல மட்டும் ஏறாதே" அப்படின்னு சொல்லிட்டு உள்ளே போயிட்டார்.

போனோம். லடிங்டன்ல அந்தச் சுவரோட முனையில ஒரு வெள்ளைக் கலங்கரை விளக்கம் இருக்கு. 1924-ல கட்டினது, 57 அடி உயரம். சாதாரண நாள்ல ஐஸ்கிரீம் தின்னுக்கிட்டே அது வரைக்கும் நடந்து போயிட்டு வரலாம். அன்னிக்கு விடிஞ்சப்போ அலை அந்தச் சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் கொட்டிக்கிட்டு இருந்துச்சு. விளக்கத்தோட பாதி உயரத்துக்கு வெள்ளையா ஒண்ணு எழும்பும், அப்புறம் சத்தம் வரும். வானம் மட்டும் பளிச்சுனு நீலம். என் பையன் ஒண்ணும் பேசலை. என் கையைப் பிடிச்சிருந்த பிடி மட்டும் கொஞ்சம் இறுகிச்சு.

அதைப் பார்த்துட்டாவது நான் திருந்தினேனா? இல்லை. ஓட்டலுக்கு வந்து அந்தப் படகுக்கு ஒரு நட்சத்திரம் போட்டேன். "வெயில் அடிக்கும்போது ரத்து செய்கிறார்கள், ஜாக்கிரதை"ன்னு ஒரு வரி வேற. அதான் சொன்னேன், நானும் அதே கேஸ்தான்.

இப்ப "ஏரிதானே"க்கு வருவோம். மிச்சிகன் ஏரி 307 மைல் நீளம், 118 மைல் வரைக்கும் அகலம், அதிகபட்ச ஆழம் 923 அடி. லடிங்டன்ல இருந்து எதிர்க்கரை மனிடோவாக் 60 மைல். காத்து வடக்கே இருந்து வந்தா அதை விட நீளமான தண்ணியில ஓடி வரும். காத்து எவ்வளவு தூரம் தண்ணி மேல தடையில்லாம ஓடுதோ அவ்வளவு அலை வளரும். ஏரி அலை கடல் அலையை விடச் சின்னதுதான். ஆனா நெருக்கமா, செங்குத்தா வரும். கடல்ல நீண்ட அலையில படகு ஏறி இறங்கும். இங்க ஒரு அலையில இருந்து மூக்கைத் தூக்கறதுக்குள்ள அடுத்தது மேல விழும்.

அதுலயும் கோடை முடியற நேரம்தான் சூட்சுமம். மூணு மாசம் வெயில் குடிச்ச தண்ணி வெதுவெதுப்பா இருக்கும். கனடாப் பக்கம் இருந்து முதல் குளிர்ந்த காத்து இறங்கும். கீழ சூடு, மேல குளிர்னா காத்து நிலைகொள்ளாது, வேகமெல்லாம் கீழ இறங்கி அலையைக் கிளப்பும். குளிர்ந்த காத்து வந்தா மேகம் விலகி வானம் சுத்தமாகும். அதனால "வானம் சுத்தமா இருந்துச்சே"ங்கிறது உங்க பக்கத்துச் சாட்சி இல்லை நண்பரே, கேப்டன் பக்கத்துச் சாட்சி.

ஊர் வானிலை வேற, ஏரி வானிலை வேற. ஏரிக்குன்னு தேசிய வானிலை சேவை தனியா அறிவிப்பு கொடுக்குது. காத்து 22-ல இருந்து 33 நாட் வரைக்குமோ, அலை 4 அடிக்கு மேலயோ வரும்னா சிறு படகுகளுக்கு எச்சரிக்கை. நம்ம ஊர் துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்துவாங்களே, அது மாதிரி இதைச் சின்னக் கூண்டுன்னு வச்சுக்கங்க. கூண்டு ஏறினா நாகப்பட்டினத்துல யாராவது படகுக்காரர்கிட்ட போய் "மழை இல்லையே, எடுங்க வண்டியை"ன்னு சொல்வோமா? இங்க மட்டும் சொல்வோம். ஏன்னா முன்பணம் கட்டியிருக்கோம்.

இப்படிச் சொல்லாம கிளம்பினவங்க கதை ஒண்ணு இருக்கு. அது தெரியாம இந்த ஏரியில யாரும் சால்மன் பிடிக்கப் போகக் கூடாதுங்கிறது என் கட்சி.

இந்த ஏரியில சால்மன் பிறக்கவே இல்லை. பசிபிக் கடல் மீன் அது. இங்க ராஜாவா இருந்தது லேக் ட்ரவுட். கப்பல் போறதுக்காக 1829-ல வெல்லண்ட் கால்வாயைத் திறந்தாங்க. பின்னாடி அதை ஆழப்படுத்தினாங்க. நயாகரா அருவி அதுவரைக்கும் தடுத்து வச்சிருந்த கடல் லாம்ப்ரே அந்த வழியா மேல் ஏரிகளுக்கு ஏறி வந்துச்சு. பாம்பு மாதிரி உடம்பு, வட்ட வாய் முழுக்கப் பல்லு, மீன் மேல ஒட்டிக்கிட்டு ரத்தம் குடிக்கிற ஜென்மம். மிச்சிகன் ஏரியில 1936-ல பார்த்தாங்க. மனுஷன் வலை ஒரு பக்கம், இது ஒரு பக்கம். 1950-களோட நடுவுல இந்த ஏரியில லேக் ட்ரவுட் அத்துப் போச்சு.

பெரிய மீன் இல்லைன்னா சின்ன மீனுக்குக் கொண்டாட்டம். 1949-ல இங்க வந்து சேர்ந்த ஏல்வைஃப்னு ஒரு வெள்ளிக் குட்டி மீன், தின்ன ஆளில்லாம பெருகிப் பெருகி, 1967-ல கோடிக்கணக்குல செத்து சிகாகோ வரைக்கும் கரையெல்லாம் நாறிச்சு. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே, 1966-ல, மிச்சிகன் மாநில மீன்துறைத் தலைவர் ஹோவர்ட் டேனர் ஒரு வேலை செஞ்சிருந்தார். ஆரிகன்ல இருந்து கோஹோ சால்மன் முட்டை வாங்கி, பொரிச்சு வளர்த்து, பிளாட் ஆத்துலயும் இன்னொரு ஓடையிலயும் விட்டார். அடுத்த வருஷம் சினூக். இங்க அதுக்கு கிங்னு பேரு. ஏல்வைஃபைத் தின்னு அதுக எல்லாம் மதமதன்னு வளர்ந்துச்சு.

1967 இலையுதிர் காலத்துல அந்தக் கோஹோ பிளாட் விரிகுடாவுக்குத் திரும்பி வந்துச்சு. ஊரே பைத்தியம் பிடிச்ச மாதிரி கிளம்பிச்சு. கோஹோ காய்ச்சல்னே பேரு வச்சாங்க. சின்னக் குளத்துல ஓட்டுற படகையெல்லாம் காருக்குப் பின்னாடி கட்டிக்கிட்டு வந்தாங்க. செப்டம்பர் 23, சனிக்கிழமை. சிறு படகு எச்சரிக்கை இருந்துச்சு. மீன் கடிச்சுக்கிட்டு இருந்துச்சு. எச்சரிக்கையை விட மீன் பெருசாத் தெரிஞ்சுச்சு. காத்து எழும்பினப்போ கரைக்கு வர நேரம் இல்லை. அன்னிக்கு ஏழு பேர் செத்துப் போனாங்க.

மறுபடி சொல்றேன், ஏழு பேர். சால்மன் விளையாட்டு ஆரம்பிச்ச முதல் பெரிய சீசன்லயே. லடிங்டன்ல இருந்து வண்டியில ஒண்ணரை மணி நேரத்துக்குள்ள இருக்கிற இடத்துல.

எங்க கேப்டன் "இன்னிக்கு இல்லை"ன்னு சொன்னப்போ அவர் என்ன இழந்தார்னு யோசிச்சுப் பாருங்க. எங்க வாடகை அன்னிக்கு 900 டாலர், 200 முன்பணம். கிளம்பியிருந்தா மீதி 700-ம் அவருக்கு. சீசனே சில மாசம்தான், அதுல வெள்ளி சனி ஞாயிறுதான் காசு. அந்தக் கையாள் பையன் கல்லூரிக்குப் படிக்கிறவன், படகு போனாத்தான் டிப்ஸ். போக முடியாதுன்னு சொல்றதால நஷ்டம் வர்ற ஆளே போக முடியாதுன்னு சொல்றார்னா, அதை விட நம்பத்தக்க வார்த்தை வேற எது? "போலாம் வாங்க"ன்னு சொல்றவர்தான் சந்தேகத்துக்குரியவர். ஏன்னா அதுல அவருக்கு லாபம்.

நாம என்ன பண்றோம்? வேண்டாம்னு சொன்னவருக்கு ஒரு நட்சத்திரம். அலையில கூட்டிக்கிட்டுப் போய் வாந்தி எடுக்க வச்சு எப்படியோ கரை சேர்த்தவருக்கு "த்ரில்லிங் அனுபவம்"னு அஞ்சு நட்சத்திரம். இப்படியே நாலு வருஷம் போட்டா, எந்தக் கேப்டன் மிஞ்சுவார்னு கணக்குப் போடுங்க. உங்க குழந்தையை யாரோட படகுல ஏத்தப் போறீங்கன்னும் சேர்த்துப் போடுங்க.

ரெண்டாவது குற்றச்சாட்டு, ரெண்டே மீன்.

தல, கோயம்பேட்டுல தக்காளி வாங்கறோமா? ஆகஸ்ட் கடைசியில வர்ற பெரிய கிங் எல்லாம் முட்டையிட ஆத்துக்குப் போகக் காத்திருக்கிற மீன். மூணு நாலு வருஷம் வாழ்ந்து முடிச்சு, ஆத்துல ஏறி, முட்டையிட்டு, செத்துப் போகப் போகுது. ஆத்து வாய்க்கிட்ட கூடி நிக்கும், ஆனா சாப்பாட்டுல நாட்டம் குறைஞ்சு போயிருக்கும். பசியில கடிக்கிறதை விட எரிச்சல்ல கடிக்கிறதுதான் அதிகம்னு கேப்டன்கள் சொல்வாங்க. அதனாலதான் இருட்டுல ஒளிர்ற ஸ்பூன், ஆடி ஆடி வெறுப்பேத்துற பிளக்னு என்னென்னமோ கட்டறாங்க. விடிஞ்சு வெளிச்சம் வந்தா அந்த எரிச்சலும் போயிடும்.

அதோட தண்ணி. சால்மனுக்குப் பத்துல இருந்து பதிமூணு டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கிற தண்ணிதான் பிடிக்கும். கோடையில மேல சூடான தண்ணி, கீழ சில்லுன்னு தண்ணி, நடுவுல ஒரு எல்லைக்கோடு. மீன் அந்தக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டுத் திரியும். ஒரு நாள் வடக்குக் காத்தோ கிழக்குக் காத்தோ பலமா அடிச்சா, மிச்சிகன் கரைப்பக்கத்துச் சூடான தண்ணி நடு ஏரிக்குத் தள்ளப்பட்டு, அடித்தண்ணி கரையோரம் மேல வந்துடும். மறுநாள் மேற்குக் காத்து அடிச்சா எல்லாம் தலைகீழ். நேத்து 80 அடியில இருந்த மீன் இன்னிக்கு எங்கேன்னு தேடத்தான் அந்த மனுஷன் ஆறு மணி நேரம் டீசல் எரிச்சார். நீங்க காசு கொடுத்தது அந்தத் தேடலுக்கு. மீனுக்கு இல்லை.

மீனுக்கு யார் காசு கொடுக்கறாங்கன்னா, உரிமம் எடுக்கிற எல்லாரும்தான். ஆனா காசு இருக்குன்னு மீனை அள்ளி விட முடியாது. இதுக்கும் ஒரு கதை இருக்கு, பக்கத்து ஏரியில நடந்தது. ஹ்யூரான் ஏரியில சினூக் பெருகிப் போய் ஏல்வைஃபைத் தின்னு தீர்த்துச்சு. அந்தப் பக்கம் வெளிநாட்டுக் கப்பல் தண்ணியோட வந்த சீப்ரா, குவாகா மட்டிகள் தண்ணியை வடிகட்டி, ஏல்வைஃப் தின்னுற நுண்ணுயிரையெல்லாம் காலி பண்ணிடுச்சு. 2003 வாக்குல ஏல்வைஃப் சரிஞ்சுச்சு, அடுத்த வருஷமே பின்னாடி சினூக்கும் சரிஞ்சுச்சு. ஹாரிஸ்வில் மாதிரி சின்ன ஊர்கள்ல கூட்டம் அத்துப் போச்சு. படகு ஓட்டினவங்க படகை வித்தாங்க, இல்லைன்னா ஏரியை மாத்தினாங்க.

அதைப் பார்த்துப் பயந்துதான் மிச்சிகன் ஏரியில 2013-ல சினூக் குஞ்சு விடறதை ஏறத்தாழ பாதியாக் குறைச்சாங்க. 2016-ல இன்னும் குறைக்கணும்னு சொன்னப்போ பெரிய சண்டையே நடந்துச்சு. "எங்க காசு, எங்க மீன், குறைக்காதே"ன்னு கூட்டத்துல கத்தினாங்க. நம்ம நண்பர் "ரெண்டே மீனா?"ன்னு கேக்கறதும் அந்தக் குரல்தான். ஏரி அந்தக் குரலைக் கேட்டுட்டு ஒரு தடவை நடந்துக்கிட்டதைத்தான் ஹ்யூரான்ல பார்த்தோம்.

மூணாவது. "சால்மன் இல்லை, வெறும் லேக் ட்ரவுட்."

இந்த "வெறும்"தான் எனக்கு ரொம்பக் கோபம் வந்த இடம். சில படகுக்காரங்களே அதைக் கொழுப்பு உருண்டைன்னு கேலி பண்ணுவாங்க, தெரியும். ஆனா பூர்வகுடி அதுதான். சால்மன் குடிவந்தது, அதுவும் நம்மள மாதிரி விசா வாங்கி வந்தது. (தங்கமணி இதைப் படிச்சுட்டு "நீங்க மட்டும்தான் விசா, மீனுக்கு கிரீன் கார்டே கிடைச்சாச்சு" அப்படிங்கறாங்க. அவ்வ்வ்.)

லேக் ட்ரவுட் மெதுவா வளரும். முட்டையிட வயசுக்கு வரவே ஆறேழு வருஷம் ஆகலாம். பல பத்து வருஷம் வாழும். அது அத்துப் போன பிறகு, அமெரிக்காவும் கனடாவும் 1954-ல ஒப்பந்தம் போட்டு, அடுத்த வருஷம் பேரேரிகள் மீன்வள ஆணையம்னு ஒண்ணு வச்சு, ஆயிரக்கணக்கான ரசாயனங்களைச் சோதிச்சு, லாம்ப்ரே குஞ்சை மட்டும் குறிவச்சுக் கொல்ற ஒரு மருந்தைக் கண்டுபிடிச்சாங்க. 1958-ல இருந்து ஓடை ஓடையாப் போய் ஊத்தறாங்க. இன்னிக்கு வரைக்கும் வருஷா வருஷம். கொரோனாவால 2020, 2021-ல அந்த வேலையைக் குறைச்சப்போ லாம்ப்ரே உடனே தலைதூக்கிடுச்சு. ஹ்யூரான்ல ஏல்வைஃப் போன பிறகு லேக் ட்ரவுட் தானாக் குஞ்சு பொரிக்க ஆரம்பிச்சுச்சு. ஏல்வைஃபைத் தின்னா ட்ரவுட் முட்டையில வைட்டமின் பி1 குறைஞ்சு குஞ்சு செத்துடும், அதுதான் அதுவரைக்கும் தடை. சுப்பீரியர் ஏரியில பெரும்பகுதியில லேக் ட்ரவுட் மீண்டு வந்தாச்சுன்னு 2024-ல அந்த ஆணையமே அறிவிச்சுச்சு. கிட்டத்தட்ட எழுபது வருஷ உழைப்பு உங்க தூண்டில்ல வந்து தொங்கிச்சு நண்பரே. அதைப் பார்த்து "ச்சே, இதுவா"ன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க.

நாலாவது, கேரண்டி படகு.

மேல சொன்ன மூணையும் கூட்டினா விடை வந்துடும். காத்து கையில இல்லை, தண்ணி கையில இல்லை, மீனோட மனசு சுத்தமாக் கையில இல்லை. அப்புறம் எதை வச்சு ஒருத்தர் கேரண்டி கொடுக்கறார்? ஒண்ணு, பொய் சொல்றார். இல்லைன்னா அந்த வாக்கைக் காப்பாத்த, திரும்ப வேண்டிய நேரத்துல திரும்பாம நிப்பார். முதல்ல சொன்னவர்கிட்ட காசு போகும். ரெண்டாவது சொன்னவர்கிட்ட என்ன போகும்னு 1967-ஐக் கேளுங்க.

"பெரிய மீனாப் பிடிச்சுக் கொடு"ன்னு அடம் பிடிக்கிறவங்களுக்கு இன்னொரு சேதி. இந்த ஏரி மீன்ல பி.சி.பி., பாதரசம் ரெண்டும் உண்டு. பெருசு, வயசானது, கொழுப்பு அதிகமானது எல்லாத்துலயும் இது கூடுதலாச் சேரும். எந்த மீனை மாசத்துக்கு எத்தனை தடவை சாப்பிடலாம்னு மாநில சுகாதாரத் துறையே அட்டவணை போடுது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அதைக் கட்டாயம் பார்க்கணும். வயித்துக் கொழுப்பையும் தோலையும் வெட்டி எறிஞ்சா பி.சி.பி. குறையும், பாதரசம் குறையாது. ஆக, படம் எடுக்கப் பெருசு நல்லது, குழம்புக்குச் சின்னதுதான் நல்லது. கோட்டா நிரம்பாம வீட்டுக்கு வந்தா அழ வேண்டிய அவசியமே இல்லை.

இவ்வளவு சொல்லிட்டு ஒண்ணு ஒத்துக்கணும். எல்லாப் படகுக்காரங்களும் உத்தமருங்க இல்லை. வேற தேதியும் தராம, முன்பணத்தையும் தராம, போனையும் எடுக்காதவங்க இருக்காங்க. அவங்களை விடாதீங்க, எழுதுங்க, நானும் வந்து கும்மறேன். பணம் கட்டறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. உரிமம் இருக்கா? காத்தால நின்னு போனா என் பணம் என்ன ஆகும்? போன வருஷம் எத்தனை நாள் போகாம நின்னீங்க? மூணாவது கேள்விக்கு "ஒரு நாள் கூட நின்னதில்லை"ன்னு பெருமையாச் சொன்னா, நன்றி சொல்லி போனை வச்சுடுங்க.

நம்ம நண்பருக்கு வேற தேதி கிடைச்சுது. அவர் போயிட்டும் வந்தார். அப்படின்னா கொள்ளை எங்கே நடந்துச்சு?

என் கதையை முடிச்சுடறேன். 2018 குளிர்காலத்துல பிளாட் விரிகுடா கதையை எங்கேயோ படிச்சேன். படிச்சு முடிச்சுட்டுப் பையன் ரூமுக்குப் போய்ப் பார்த்தேன், போர்வையைக் கீழ தள்ளிட்டுத் தூங்கிக்கிட்டு இருந்தான். திரும்பி வந்து அந்த ஒரு நட்சத்திரத்தை எடுத்தேன். எடுத்தாப் போதுமா, நாலு மாசமா அதை எத்தனை பேர் படிச்சிருப்பாங்கன்னு ஒரு குறுகுறுப்பு இன்னும் இருக்கு.

2019-ல அவரையே கூப்பிட்டேன். பேரைச் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் அமைதி. அப்புறம், "ஓ, நீதானே அந்த ‘ஏரிதானே’ ஆளு" அப்படின்னார். சிரிச்சார். நான் சிரிக்கலை. மன்னிப்பு கேட்டேன். "பையன் வர்றானா?" அப்படின்னு மட்டும் கேட்டார்.

போனோம். காத்தே இல்லாத நாள். ஆறு பேருக்கு மூணு மீன். ரெண்டு கிங், ஒரு லேக் ட்ரவுட். ட்ரவுட்டைப் பிடிச்சது என் பையன். வீட்டுல தங்கமணி அதை வேக வச்சு உதிர்த்து, வெங்காயம் பூண்டு நிறையப் போட்டு, சுறாப் புட்டு மாதிரியே புட்டு பண்ணினாங்க. கொழுப்பு உருண்டைன்னு கேலி பண்றவங்க அந்தத் தட்டைப் பார்த்திருக்கணும்.

நண்பரே, உங்க பதிவை எடுக்கச் சொல்லலை. கீழ ஒரு வரி சேர்த்துடுங்க, போதும்: "அன்று அவர் போகாததால் இன்று இதை எழுத நான் இருக்கிறேன்." அது உண்மையா இல்லையான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிஞ்சுக்க வேண்டிய நிலைமை வராம பார்த்துக்கிட்டது அந்தக் கேப்டன்.

டிஸ்கி: பின்னூட்டப் பெட்டி திறந்தே இருக்கு. திட்டறவங்க திட்டலாம், மட்டுறுத்தல் கிடையாது. ஆனா "ஏரிதானே"ன்னு ஆரம்பிக்கிற பின்னூட்டத்துக்கு மட்டும் பதில் சொல்ல மாட்டேன். லடிங்டன் சுவர் பக்கம் வடமேற்குக் காத்து அடிக்கிற நாள்ல போய் ஒரு அஞ்சு நிமிஷம் தள்ளி நின்னு பார்த்துட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்.